எந்த மாதம் கிளம்பலாம்?

வெளிநாட்டுப் பயணத்துக்கு ஏற்ற பருவம் எது என்று கேட்டு வந்த கடிதங்களில், அடிக்கடி எழும் கேள்விகளையும் பலருக்கும் உதவக்கூடிய சில தனிக் கேள்விகளையும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஒரு நாட்டுக்குப் போக நல்ல மாதம் எது என்று தேடினால் ஆளுக்கொரு மாதம் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: எல்லோருமே சரியாகச் சொல்லியிருக்கலாம். ஒருவர் கடலில் குளிக்கப் போனவர், அடுத்தவர் மலையேறப் போனவர், இன்னொருவர் கூட்டத்துக்குப் பயந்து மாதத்தை மாற்றியவர். பார்க்கப் போகிற காட்சிக்கும் செய்யப் போகிற காரியத்துக்கும்தான் சீசன் உண்டு. ஒரு முழு நாட்டுக்கும் சேர்த்து ஒரே சீசன் என்பது பெரும்பாலும் பொருந்தாது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் வில்டபீஸ்ட் என்ற மான் வகை விலங்கின் மந்தைகள் இடம்பெயர்வதைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி வேண்டுமென்றால் ஜூலை முதல் அக்டோபர் வரை, கென்யாவின் மசாய் மாராவுக்கோ வட செரங்கெட்டிக்கோ போக வேண்டும். கன்று ஈனும் காட்சி வேண்டுமென்றால் பிப்ரவரியை ஒட்டி தான்சானியாவின் தென் செரங்கெட்டி, என்டூட்டு சமவெளிப் பக்கம் போக வேண்டும். மந்தை ஒன்றுதான். மாதம் தவறினால் வெறும் புல்வெளியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஆகவே, எதைப் பார்க்காமல் வந்தால் இந்தப் பயணமே வீண் என்று நினைப்பீர்களோ அதை முதலில் ஒரே வரியில் எழுதுங்கள். அது கிடைக்கும் வாரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரங்களில் அந்த ஊரின் மழை, வெயில், பகல் நேரம் எப்படி என்று பாருங்கள். பிறகு அந்த நாட்டின் நீண்ட விடுமுறைகளைப் பாருங்கள். அக்கம்பக்கத்து நாடுகளின் விடுமுறைகளையும் விட்டுவிடாதீர்கள். கடைசியாக விசாவுக்கு எத்தனை நாள் தேவை என்று பின்னோக்கி எண்ணுங்கள். பலரும் மலிவான டிக்கெட்டில் தொடங்கி இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டிக்கெட் ஏன் மலிவு என்பது போய் இறங்கிய பிறகுதான் அவர்களுக்குத் தெரிகிறது.

கேள்வி: போகும் ஊரின் சராசரி வெப்பநிலை 15 டிகிரி என்று பார்த்துவிட்டு மெல்லிய சட்டைகளோடு போய் நடுங்கிவிட்டோம். வானிலைப் புள்ளிவிவரத்தை எப்படித்தான் படிப்பது?

பதில்: அந்த 15 டிகிரி, பகலும் இரவும் சேர்ந்த சராசரி. மதியம் 22, விடியற்காலையில் 8 என்றாலும் சராசரி 15தான். சராசரியை விட்டுவிட்டு, மாதவாரியான அதிகபட்சம், குறைந்தபட்சம் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். பாலைவனங்களிலும் உயரமான இடங்களிலும் இந்த இரண்டுக்கும் இடைவெளி மிக அதிகம். புள்ளிவிவரம் எந்த ஆண்டுகளுக்கானது என்றும் கவனியுங்கள். 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுச் சராசரிதான் இப்போது வழக்கத்தில் உள்ளது. அதற்கு முந்தைய பட்டியல்கள் பல ஊர்களைக் கொஞ்சம் குளிர்ச்சியாகக் காட்டும்.

அடுத்தது உயரம். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் சுமார் 570 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து ரயிலேறிப் போகும் யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர். ஜூலை மாதத்தில் கீழே அரைக்கைச் சட்டையோடு திரிகிற அதே நாளில் மேலே பனிக்கட்டியின் மீது நிற்பீர்கள். கீழே உள்ள ஊரின் வெப்பநிலையை வைத்து மேலே போகத் துணி எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

மழையை மில்லிமீட்டரில் மட்டும் பார்த்தாலும் ஏமாற்றம்தான். லண்டனில் ஆண்டுக்கு 600 மி.மீ. அளவில்தான் மழை. சிங்கப்பூரில் 2,000 மி.மீ.க்கு மேல். ஆனால் லண்டனின் மழை பொசுபொசுவென்று தூறிக்கொண்டே வானத்தை மூடிவைக்கும். சிங்கப்பூரில் பல நாட்கள் மதியத்துக்கு மேல் கொட்டித் தீர்த்துவிட்டு வெளுத்துவிடும். எனவே மழை நாட்களின் எண்ணிக்கை, வெயிலடிக்கும் மணிநேரம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

புழுக்கத்துக்கு ஈரப்பத சதவீதத்தைவிட ‘பனிப்புள்ளி’ என்ற எண்தான் சரியான அளவுகோல். காற்று எத்தனை டிகிரிக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் என்பதை அது சொல்கிறது. அது 21 டிகிரியைத் தாண்டினால் கசகசப்பு, 24ஐத் தாண்டினால் நடப்பதே சிரமம்.

பெரும்பாலானோர் பார்க்க மறப்பது பகல் நேரத்தை. பாரிஸில் ஜூன் பிற்பகுதியில் 16 மணிநேரப் பகல், டிசம்பர் பிற்பகுதியில் 8 மணிநேரத்துக்குச் சற்றே அதிகம். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் அதே காலங்களில் 21 மணிநேரமும் 4 மணிநேரமும். டிசம்பரில் ஒரு நாளைக்கு நான்கு இடம் பார்ப்பதாகத் திட்டம் போட்டால் இரண்டு இடத்தை இருட்டில்தான் பார்ப்பீர்கள்.

கடல் நிலத்தைவிட மெதுவாகச் சூடாகும், மெதுவாகவே ஆறும். அதனால் மத்தியதரைக் கடலில் குளிக்க ஜூனைவிட செப்டம்பர் மேல். காற்று இரண்டு மாதங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும் தண்ணீர் செப்டம்பரில்தான் வெதுவெதுப்பாக இருக்கும்.

கேள்வி: தென்கிழக்கு ஆசியாவில் ஜூன் முதல் அக்டோபர் வரை மழை, நவம்பரில் நின்றுவிடும் என்று நம்பி நவம்பரில் தாய்லாந்தின் கோ சமுய் தீவுக்குப் போனோம். நான்கு நாளும் அறையைவிட்டு வெளியே வர முடியவில்லை. என்ன தவறு?

பதில்: நீங்கள் சொன்ன மாதக் கணக்கு மேற்குக் கரைக்குப் பொருந்துவது. தீவு கிழக்குக் கரையில் இருக்கிறது. தாய்லாந்தின் தென்பகுதியாக நீளும் தீபகற்பத்தின் நடுவே மலைத்தொடர் ஓடுகிறது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையில் மோதுகிறது. அப்போது ஃபுக்கெட், கிராபி நனையும். அங்கே மழையைவிட அலைதான் ஆபத்து. கடற்கரையில் சிவப்புக்கொடி பறந்தால் முழங்கால் நீரில்கூட இறங்கக் கூடாது. சிமிலன் தீவுகளையே மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடிவிடுகிறார்கள். அதன்பின் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வருகிறது. தாய்லாந்து வளைகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கோ சமுய் பக்கம் கொட்டுகிறது. அங்கே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கனமழை, உச்சம் நவம்பர்.

இதே கணக்கு மலேசியாவுக்கும் பொருந்தும். கிழக்குக் கரையில் உள்ள பெர்ஹென்தியான் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகள் மூடியிருக்கும், படகும் சரிவர ஓடாது. அதே காலத்தில் மேற்கே லங்காவியில் நல்ல வெயில். ஜூலையில் போகிறவர்கள் கிழக்குக் கரைக்கும், ஜனவரியில் போகிறவர்கள் மேற்குக் கரைக்கும் போனால் போதும்.

வியட்நாம் நீளமான நாடு, அதற்குள் மூன்று விதமான வானிலை. ஜனவரியில் வடக்கே ஹனோயில் ஸ்வெட்டர் வேண்டும். தெற்கே ஹோ சி மின் நகரில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். நடுவே இருக்கும் ஹோய் ஆனில் அக்டோபர், நவம்பரில் தெருக்களிலேயே வெள்ளம் புகும். மூன்றையும் ஒரே பயணத்தில் சேர்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை ஓரளவு ஒத்துவரும்.

பாலி பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் வறண்ட காலம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் நெருக்கும். மே, ஜூன், செப்டம்பர்தான் எங்கள் தேர்வு. மார்ச்சில் போகிறவர்கள் ‘நியெபி’ என்ற மௌன நாள் எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 24 மணிநேரம் விமான நிலையமே மூடியிருக்கும். யாரும் விடுதியைவிட்டு வெளியே போகக் கூடாது.

கேள்வி: ஜப்பானில் சகுரா என்ற செர்ரிப் பூ பார்க்க ஆசை. எனக்கு ஏப்ரல் முதல் இரண்டு வாரம்தான் விடுப்பு. பூ உதிர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் தேதிகள் நல்ல தேதிகளே. ஊர்களை வரிசைப்படுத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. டோக்கியோவில் சராசரியாக மார்ச் 24ஐ ஒட்டி முதல் பூ, மார்ச் இறுதியில் முழுப்பூ. கியோட்டோவில் அதற்குச் சில நாள் பின்னால். வடக்கே போகப்போகத் தள்ளிப்போய், செண்டாயில் ஏப்ரல் இரண்டாவது வாரம், ஹிரோசாகியில் ஏப்ரல் இறுதி வாக்கில், சப்போரோவில் மே தொடக்கம். முதல் பூ விரிந்ததிலிருந்து முழுப்பூவுக்கு ஏறக்குறைய ஒரு வாரம். அதன்பின் இன்னொரு வாரத்தில் உதிர்ந்துவிடும். இடையில் காற்றோடு மழை பெய்தால் அதுவும் இராது.

தேதி ஆண்டுக்காண்டு ஏன் மாறுகிறது என்றால், மொட்டு தூக்கம் கலைய முதலில் கடுங்குளிர் வேண்டும், பிறகு விரிய வெதுவெதுப்பு வேண்டும். பிப்ரவரி, மார்ச் சூடானால் பூ முந்திக்கொள்ளும். தனியார் வானிலை நிறுவனங்கள் ஜனவரியிலேயே கணிப்பை வெளியிடத் தொடங்கி, வாரந்தோறும் திருத்துகின்றன. ஜனவரிக் கணிப்பை வைத்து ஹோட்டலை உறுதி செய்யாதீர்கள். ரத்து செய்யக்கூடிய அறைகளை முன்பே பிடித்துவைத்து, மார்ச் நடுவில் வரும் கணிப்பைப் பார்த்து ஊர்வரிசையை மாற்றுங்கள்.

டோக்கியோவில் இறங்கி ஓரிரு நாள் தங்கி, கியோட்டோ போய், அங்கிருந்து நாரா மாவட்டத்தின் யோஷினோ மலைக்குப் போவது ஒரு நல்ல வழி. அங்கே சுமார் 30,000 மரங்கள் அடிவாரத்திலிருந்து உச்சிவரை நிற்கின்றன. பூ கீழிருந்து மேலாக ஏறிக்கொண்டே போகும். அடிவாரத்தில் உதிர்ந்திருந்தாலும் மேலே விரிந்திருக்கும். கியோட்டோவில் தாமதமாகிவிட்டால் நின்னாஜி கோவிலின் குட்டை மரங்கள் ஏப்ரல் நடுவில்தான் பூக்கும். அதுவும் போய்விட்டால் ரயிலேறி செண்டாய்.

திரும்பும் நாளை ஏப்ரல் 29க்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து மே 5 வரை ‘கோல்டன் வீக்’. ரயிலிலும் விடுதியிலும் இடம் கிடைப்பது கடினம். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மகரந்த ஒவ்வாமை இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஜப்பானின் சுகி மரத்து மகரந்தம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பறக்கும். மருந்தும் முகக்கவசமும் கையோடு இருக்கட்டும்.

கேள்வி: டிசம்பரில் ஆஸ்திரேலியா போகலாமா?

பதில்: அங்கே அப்போது கோடை. சிட்னி, மெல்போர்ன், டாஸ்மேனியாவுக்கு நல்ல காலம். ஆனால் கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி இறுதிவரை உள்ளூர்ப் பள்ளி விடுமுறை என்பதால் நெரிசல் இருக்கும். காட்டுத்தீ எச்சரிக்கைகளையும் தினமும் பார்க்க வேண்டும். வடக்கே டார்வின், கெய்ர்ன்ஸ் பக்கம் மழைக்காலம். நவம்பர் முதல் மே வரை கடலில் கொட்டும் ஜெல்லிமீன்கள் இருப்பதால் உடல் முழுக்க மூடும் உடையில்லாமல் இறங்கக் கூடாது. நடுவில் உள்ள உலுருவில் வெயில் கடுமை. வெப்பம் மிகும் நாட்களில் அங்கே சில நடைபாதைகளைக் காலை 11 மணிக்கே மூடிவிடுவார்கள். வடக்கும் உலுருவும்தான் வேண்டுமென்றால் மே முதல் செப்டம்பருக்குள் போங்கள்.

கேள்வி: வடதுருவ ஒளி பார்க்க டிசம்பர்தான் சிறந்தது என்று பேக்கேஜ் நிறுவனங்கள் சொல்கின்றன. உண்மையா?

பதில்: இருட்டு அதிகம் என்பது உண்மை. நார்வேயின் த்ரோம்சோவில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. ஆனால் இருட்டு ஒன்று மட்டும் போதாது. வானம் தெளிவாக இருக்க வேண்டும், சூரியக் காற்றும் (சூரியனிலிருந்து வரும் மின்துகள்களின் ஓட்டம்) ஒத்துழைக்க வேண்டும். பூமியின் காந்தப்புலம் அமையும் கோணத்தால் செப்டம்பர், மார்ச் மாதங்களையொட்டி இந்த ஒளியின் சீற்றம் சராசரியாகக் கூடுதல். மார்ச்சில் பனியும் இருக்கும், பகலில் ஊரைச் சுற்றவும் வெளிச்சம் இருக்கும். ஒரே ஒரு பயணம்தான் முடியுமென்றால் மார்ச் முதல் மூன்று வாரங்களைச் சொல்வோம். மே நடுவிலிருந்து ஜூலை பிற்பகுதிவரை அங்கே சூரியன் மறையாது. அந்தக் காலத்துப் பேக்கேஜில் ஒளி என்ற சொல் இருந்தால் நம்பாதீர்கள்.

கடற்கரையில் மேகம் அதிகம். ஸ்வீடனின் அபிஸ்கோ மலைமறைவில் இருப்பதால் அங்கே வானம் அடிக்கடி திறந்திருக்கும். குறைந்தது நான்கு இரவுகள் ஒதுக்குங்கள். ஒரே இரவுக்குப் போய் மேகத்தைப் பார்த்துத் திரும்பியவர்கள் நிறைய.

கேள்வி: ஆஃப் சீசனில் பாதிச் செலவில் போய்வரலாம் என்கிறார்கள். நஷ்டம் என்ன?

பதில்: மழையும் குளிரும் சமாளிக்கக்கூடியவை. பூட்டிய கதவைச் சமாளிக்க முடியாது. ஆல்ப்ஸ் மலைகளில் பனிச்சறுக்கு முடிந்த பின் ஏப்ரல், மே மாதங்களிலும், இலையுதிர்காலம் முடியும் நவம்பரிலும் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்துகிறார்கள். ஆஸ்திரியாவின் க்ராஸ்க்ளாக்னர் மலைச்சாலை வழக்கமாக மே தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம்வரைதான் திறந்திருக்கும். ஐஸ்லாந்தின் உள்நாட்டு மலைச்சாலைகள் ஜூன் நடுவுக்கு முன் திறப்பது அரிது. கிரேக்கத் தீவுகளில் நவம்பர் முதல் மார்ச் வரை கப்பல்கள் குறையும், விடுதிகள் பல மூடும். கனடாவின் மொரேன் ஏரிச் சாலை அக்டோபர் நடுவில் மூடினால் மே இறுதி அல்லது ஜூன்தான். திறந்தவுடன் ஓடினாலும் ஏரி உறைந்தே இருக்கலாம். படங்களில் பார்க்கும் நீலம் ஜூன் பிற்பகுதியில்தான் வரும். பெருவின் இன்கா நடைபாதை பிப்ரவரி முழுக்க மூடல். அந்தப் பாதை போய்ச் சேரும் மாச்சு பிச்சு மட்டும் திறந்திருக்கும்.

பணத்தைக் கொஞ்சம் மிச்சம் பிடிக்க வேண்டும், கதவும் திறந்திருக்க வேண்டும் என்றால் பீக் சீசனின் இரு ஓரங்களிலும் உள்ள ‘ஷோல்டர் சீசன்’ வாரங்களைப் பாருங்கள். ஓரத்திலும் ஒரு கணக்கு உண்டு. தொடக்க ஓரத்தில் பனி உருகாத ஆபத்து இருக்கும். இறுதி ஓரத்தில் கடை மூடும் ஆபத்து மட்டும்தான். மலைப்பயணத்துக்கு ஜூன் முதல் வாரத்தைவிட செப்டம்பர் நடுவாரம் பத்திரமானது. முன்பதிவுக்கு முன் அந்தக் கேபிள் கார், சாலை, படகு ஒவ்வொன்றின் அதிகாரப்பூர்வத் தளத்திலும் ‘இந்த ஆண்டு இயங்கும் தேதிகள்’ பக்கத்தைப் பாருங்கள். போன ஆண்டுத் தேதி உதவாது.

கேள்வி: வயதான பெற்றோரை இத்தாலி, கிரீஸ் அழைத்துப் போக வேண்டும். ஜூலை சரிப்படுமா?

பதில்: வேண்டாம். தெற்கு ஐரோப்பாவில் ஜூலை, ஆகஸ்டில் வெப்ப அலைகள் 40 டிகிரியைத் தொடுகின்றன. பழைய கட்டடங்களில் உள்ள தங்குமிடங்கள் பலவற்றில் ஏசி கிடையாது, லிஃப்டும் கிடையாது. ஏதென்ஸின் அக்ரோபோலிஸையே 2023, 2024 கோடைகளில் கடும் வெப்ப நாட்களில் மதிய நேரம் மூடினார்கள். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி இத்தாலியில் உள்ளூர்க்காரர்களே கடையை மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஏப்ரல் பிற்பகுதி முதல் மே இறுதிவரை, அல்லது செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் நடுவரை போங்கள்.

கேள்வி: எங்களுக்கு மே மாதம் தவிர வேறு வழியில்லை. எங்கே போகலாம்?

பதில்: மாதம் முடிவாகிவிட்டது என்றால் இடத்தை மாற்றுங்கள். மே தாராளமான மாதம். ஸ்பெயின், கிரீஸ், துருக்கி மூன்றும் சுற்றிப்பார்க்க இதமாக இருக்கும், கடல் மட்டும் இன்னும் குளிரும். ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் ஆண்டிலேயே மழை குறைந்து வெயில் மிகுந்த மாதங்களில் ஒன்று மே. கடிக்கும் சிறுபூச்சிகளும் பெருகியிருக்காது. ஜப்பானுக்கு முதல் வாரம் கழித்துப் போனால் ஜூன் மழைக்கு முன் அருமையான இரண்டு மூன்று வாரங்கள் கிடைக்கும். ஒக்கினாவாவில் மட்டும் மே நடுவிலேயே மழை தொடங்கிவிடும். பாலியிலும் பெருவிலும் வறண்ட காலத்தின் தொடக்கம், எல்லாம் பசுமையாக இருக்கும். வளைகுடா நாடுகளைத் தவிர்த்துவிடுங்கள், பகல் வெப்பம் 40ஐ நெருங்கும். நெதர்லாந்தின் கியூகன்ஹாஃப் மலர்த்தோட்டம் மே நடுவோடு மூடும் என்பதால் துலிப் ஆசை இருந்தால் ஏப்ரலில் விடுப்பு கிடைக்குமா என்று பாருங்கள்.

கேள்வி: புயல் சீசனில் போகிறோம். இன்சூரன்ஸை எப்போது எடுப்பது?

பதில்: டிக்கெட் எடுத்த அன்றே. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் பாலிசியில், அந்தப் புயலால் வரும் நஷ்டத்தை ‘முன்பே தெரிந்த நிகழ்வு’ என்று பல நிறுவனங்கள் விலக்கிவிடும். அட்லாண்டிக், கரீபியன் பகுதியில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர். ஜப்பான், பிலிப்பைன்ஸ் பக்கம் ஜூலை முதல் அக்டோபர் வரை அதிகம். மொரீஷியஸ், ஃபிஜி போன்ற தெற்குத் தீவுகளில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை.

கேள்வி: செப்டம்பர் 10 அன்று ஐரோப்பா கிளம்ப வேண்டும். ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) தேவை. எப்போது எதைச் செய்ய வேண்டும்?

பதில்: பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு அது மார்ச் 10. கடைசி எல்லை 15 நாள் முன். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள். கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாள்வரை நீளலாம். ஆகவே ஜூலை மூன்றாவது வாரத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சிக்கல் பெரும்பாலும் அதற்கும் முன்பே வரும். கோடைக்காகப் பலரும் மோதுவதால் மே முதல் ஜூலை வரை விண்ணப்ப மையத்தில் நேர ஒதுக்கீடு கிடைப்பதே கடினம். ஏப்ரலிலேயே அந்த நேரத்தைப் பிடித்துவிடுங்கள்.

அதற்குமுன் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். ஷெங்கன் பகுதியைவிட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பல நாடுகள் போகிறீர்கள் என்றால் அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பியுங்கள். இரவுகள் சமமென்றால் முதலில் நுழையும் நாட்டிடம். விசா கைக்கு வரும்வரை ஹோட்டல் எல்லாம் ரத்து செய்யக்கூடியதாகவே இருக்கட்டும். விசா வந்ததும் அதில் அச்சிட்ட தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, தங்கும் நாட்கள் மூன்றையும் உங்கள் டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதன்பின் ரயில் டிக்கெட்டுகளை வாங்குங்கள்.